வெக்கை வியாபாரம்

விடிய இன்னும் அரை மணி.
சூளைக்கு முதல் விறகைத் தள்ளிவிட்டு
குளியலகத்தின் பின்வாசலில் நிற்கிறேன்.
இந்தப் பௌர்ணமிக்கு முந்தின இரவு
தூங்கினால் புருவம் நரைத்துவிடுமாம்.
நரைக்க எனக்கு அதிகம் மிச்சமில்லை.
இருந்தும் கணக்கெழுதுகிற சாக்கில்
விழித்திருந்தேன்.

கடைவாயில் ஓர் அக்ரூட்.
ஒரே கடி.
உடைந்தது ஓடா பல்லா என்று
நாக்கு துழாவிப் பார்க்கிறது.
ஓடுதான்.
ஆக, இந்த வருஷம் எனக்குக் கட்டி கிளம்பாது,
கொப்புளம் வராது.
முதலில் உடைந்ததை வெளியே எறிய வேண்டும்.
எறிந்தேன்.
டங்கென்று விழுந்தது,
தாக் ப்யோங்-து வீட்டுத் தகரத்தில்.

வருஷம் முழுக்க வெக்கை விற்பவள் நான்.
தலைக்கு ஒன்பதாயிரம் வோன்,
துண்டுக்குத் தனிக்காசு.
முதுகு பிடித்த மீன்காரிகள்,
குடித்தது இறங்காத லாரி டிரைவர்கள்,
வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் வந்தவர்கள்,
களிமண் அறைக்குள் வரிசையாகப் படுத்து
வாங்கிப்போகிறார்கள்.
இன்று ஒருநாள் மட்டும் அது இலவசம்,
அதுவும் வாங்குபவருக்கே தெரியாமல்.

சூரியன் வருமுன்
யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.
"ஏன்?" என்று கேட்டுவிட்டால்
"என் வெக்கையை வாங்கிக்கொள்!"
தீர்ந்தது. வரும் கோடை முழுக்க
என் வியர்வை அவர் முதுகில்.
அதனால் இன்று முக்ஹோ துறைமுகத்தில்
யார் கூப்பிட்டாலும் யாருக்கும் காது கேட்காது.
செய்தித்தாள் போடுகிற பையன்
உதட்டைக் கடித்துக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறான்.

ப்யோங்-து பேசாதது
இன்றைக்கு மட்டுமில்லை.
பதினான்கு மாதமாகிறது.
என் புகைக்கூண்டின் கரி
அவர் கொடியில் காயும் கணவாயில் படிகிறதென்றார்.
அவர் கணவாயின் கவிச்சி
என் துண்டுகளில் ஏறுகிறதென்றேன்.
நகராட்சி ஆள் வந்தார், முகர்ந்தார்,
இரண்டும் உண்மை என்று எழுதிப்போனார்.
அதன்பிறகு நடுவில்
ஆளுயரத்துக்கு ஒரு தகரம்.
தகரம் வந்த அன்றே அவனை நான்
அவர் ஆக்கிவிட்டேன்.

அந்தப் பக்கம் துடைப்பச் சத்தம்.
ஏன் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை.
விற்க வேறு ஆள் இல்லாமலா,
அந்தப் பேரைச் சொல்ல
இதைவிட்டால் வேறு சாக்கு இல்லாமலா.

"ப்யோங்-து!"

துடைப்பம் நின்றது.
தகரத்துக்கு மேலே
ஒரு மூச்சு வெண்மையாய் எழுந்து கலைந்தது.
விதி தெரியாதவர் இல்லை.
அறுபத்திரண்டு தை மாசி பார்த்தவர்.
மூன்றாம் வகுப்பில் என்னிடமே
இரண்டு தரம் ஏமாந்தவர்.
முந்திக்கொண்டு "என்னுடையதை நீ வாங்கு" என்றால்
சரக்கு திரும்பி என் தலையில்,
அதுவும் தெரியும்.
சும்மா இருந்தால் போதும் என்பதும்.

"ஏன்?" என்றான்.

கத்த வேண்டியதை நான் கத்தவில்லை.
தொண்டையில் அக்ரூட் தோல்.
"ஐந்து தானியச் சோறு மிஞ்சிக்கிடக்கிறது," என்றேன்.
"வேற்றுக் குலப்பெயர்க்காரர் மூன்று பேர் வீட்டில்
தின்றால் நல்லதாமே."
கொஞ்சம் பெருக்கினான்.
பிறகு,
"நேற்றே இரண்டு வீடு ஆயிற்று."

அதற்குள் கடலுக்கு மேலே சிவந்துவிட்டது.
விற்காத வெக்கையோடு
உள்ளே போய்ச் சோற்றைச் சூடாக்கினேன்.

இரவு மணலில்
பைன் கிளைகளால் கட்டிய நிலா வீட்டைக் கொளுத்தினார்கள்.
உள்ளே மூங்கில் வெடிக்க வெடிக்க
பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள்.
இன்று மட்டும் பட்டினி போடப்பட்ட அவன் நாய்
யாரையும் மன்னிக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தது.
நிலா கொஞ்சம் தாமதம்.
கணவாய்ப் படகுகளுக்குப் பின்னாலிருந்து
ஈரம் சொட்ட ஏறியது.

காற்று அவன் கொடிப்பக்கம்.
கரித்துகள் கூட்டம் கூட்டமாக அங்கேதான் போனது.
நான் பார்த்தேன்.
அவனும் பார்த்தான்.
மைனஸ் நான்கு டிகிரியில்
கோட்டுப் பொத்தானைக் கழற்றி
தொப்பியால் விசிறிக்கொண்டே,
என்னைப் பார்க்காமல்,
"சே, என்ன வெக்கை," என்றான்.